பினாங்கு ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: சந்தை, சந்து, தேத்தண்ணி

அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து நாள் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்வந்தேன். முதல் இரண்டு நாள் வீணாகப் போயின. எதை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. சந்தைக்குப் பதினொன்றரை மணிக்குப் போனோம். மீன் வெட்டிய பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெயர்பெற்ற கோப்பிக்கடைக்கு மூன்று மணிக்குப் போனோம். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. மூன்றாம் நாள், நாங்கள் தங்கிய விடுதிக்குக் கீழே ஒட்டுக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, இந்த ஊர்ல காலையில ஒரு ஊர், ராத்திரியில ஒரு ஊர்" என்றார். அதன்படி நடந்த பிறகுதான் பினாங்கு எங்களுக்குத் திறந்தது. நீங்கள் முதல் நாளிலிருந்தே அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. புறப்படும் முன்: காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள்வரை தங்க விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். பயணச்சீட்டு வாங்கும் முன் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு என்றால் விதியும் வேறு. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

விசா இல்லை என்றால் காகிதமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். திரும்பும் பயணச்சீட்டு, தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். எங்களிடம் திரும்பும் சீட்டைக் கேட்டார்கள். கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தால் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நெளிவார்கள்.

அடுத்தது மலேசிய மின்வருகை அட்டை. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனி அட்டை. இதற்குக் கட்டணமே கிடையாது. நான் தேடுபொறியில் முதலில் வந்த தளத்தைத் திறந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்கு மேல் கட்டினேன். அது இடைத்தரகர் தளம் என்பது பிறகுதான் தெரிந்தது, பணம் திரும்பவில்லை. மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் பத்து நிமிட வேலை இது. எந்தத் தளமாவது வங்கி அட்டை எண் கேட்டால், அங்கேயே மூடிவிடுங்கள்.

2. பணமும் அறையும்

மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை "வெள்ளி" என்பார்கள். "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட். நாங்கள் போனபோது ஒரு வெள்ளி 20 ரூபாயை ஒட்டி இருந்தது. தெருக்கடைகளில் ரொக்கம்தான் பேசும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் வேலையாக நூறு வெள்ளித் தாளை நீட்டினால் கடைக்காரர் திணறிப்போவார்.

அறைக்கு முன்பதிவுத் தளத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் சேராத ஒன்று உண்டு: வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி. அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு 10 வெள்ளி. அதற்கு மேல் பினாங்கின் உள்ளூர்க் கட்டணம் இரண்டு மூன்று வெள்ளி. நான்கு இரவுக்கு ஐம்பது வெள்ளி கூடுதலாக ஆகிறது. விடுதியில் கேட்டால் ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்குப் போக வேண்டாம், முறையான வரிதான். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அறையைப் பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்குள் எடுங்கள். லெபோ சூலியா என்ற தெருவிலிருந்து நடக்கும் தூரம் என்றால் நல்லது. கடற்கரை விடுதி அழகாக இருக்கும். ஆனால் அங்கிருந்து விடியற்காலைச் சந்தைக்கு வருவது பெரும்பாடு. அப்புறம், அங்கே மின் துளைகள் மூன்று சதுர முள்ளுக்கானவை; நம் ஊர்ச் செருகி நுழையாது. மாற்றி ஒன்று இங்கிருந்தே வாங்கிப் போங்கள்.

3. ஊருக்குள் வந்து சேர்வது

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் உண்டு. திருச்சியிலிருந்து என்றால் கோலாலம்பூர் போய் மாற வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இன்னொரு விமானம் ஏறலாம். நேரம் இருந்தால் ரயிலில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வந்து, "பெரி" என்னும் பயணிகள் படகில் கடலைக் கடக்கலாம். ரயில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரக்கடைசிக்கும் பள்ளி விடுமுறைக்கும் சீட்டு முன்னமே தீர்ந்துவிடும். பெரி பத்துப் பதினைந்து நிமிடம்தான், கட்டணமும் மிகக் குறைவு; வங்கி அட்டையோ மின்பணப்பையோ வைத்திருங்கள். துறைமுக நகரத்துக்குக் கடல் வழியாக வந்து இறங்குவது தனிச் சுகம். எங்கள் பயணத்தில் அம்மாவுக்கு மிகவும் பிடித்த கால்மணி நேரம் அதுதான்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில், பாயான் லெப்பாசில் இருக்கிறது. அங்கிருந்து 401ஈ பேருந்து நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரம் வழியாகப் படகுத்துறைக்கு வரும். மூன்று வெள்ளிக்குள் ஆகும். நடத்துநர் இல்லை, ஓட்டுநர் சில்லறை திருப்பித் தரமாட்டார், சரியான தொகையைப் பெட்டியில் போட வேண்டும். மூட்டை அதிகம் என்றால் கிராப் செயலியில் வண்டி கூப்பிடுங்கள், முப்பது வெள்ளிக்கு முன்னே பின்னே ஆகலாம். நகருக்குள் இலவசப் பேருந்து ஒன்று சுற்றிவருகிறது, "கேட்" என்பார்கள். வெயில் ஏறிய பிறகு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

4. தெருப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் நாள் இரவு நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். எங்கள் விடுதி ஜாலான் பினாங்கில். நான் வண்டிக்காரரிடம் சொன்னது லெபோ பினாங்கு. இரண்டும் வேறு வேறு தெரு! ஜாலான் பினாங்கு சௌராஸ்தா சந்தை இருக்கும் பெருஞ்சாலை. லெபோ பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குள் ஓடுவது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு அம்மாவோடு அந்த நேரத்தில் நடந்தேன்.

ஜாலான் என்றால் சாலை, லெபோ என்றால் தெரு, லோரோங் என்றால் சந்து. முன்னொட்டு மாறினால் இடமே மாறிவிடும். லெபோ சூலியா வேறு, லோரோங் சூலியா வேறு. இன்னொரு சிக்கல்: பழைய ஆங்கிலப் பெயர்களை உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று இருக்கும். கேட்டால் பிட் ஸ்ட்ரீட் என்பார்கள். விடுதியின் முகவரியை மலாய்ப் பெயரோடு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழி ஓடும்; தமிழர்கள் அதை "அஞ்சடி" என்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அதுவே நிழல். ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும், ஓடு வழுக்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். இறங்கி நடந்தால் ஓரத்தில் மூடாத ஆழமான கால்வாய். இரவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள்.

5. காலை 7 மணி: சந்தை

சௌராஸ்தா சந்தையில் மீன், காய்கறி விற்கும் ஈரப்பகுதியையும் பக்கத்திலுள்ள ஜாலான் குவாலா காங்சாரில் கூடும் தெருச்சந்தையையும் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள். பத்துக்கு மேல் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மீன், கீரை, பூ, புது நூடுல்ஸ், தேங்காய் துருவும் இயந்திரத்தின் சத்தம் எல்லாம் ஒரே குறுகலில் நெரியும். செருப்பு பிடிமானமாக இருக்கட்டும், தரை முழுக்கத் தண்ணீர்.

முன்பக்கத்து ஊறுகாய்க் கடைகள் பகலிலும் திறந்திருக்கும். ஜெருக் என்பார்கள்: மாங்காய், நெல்லிக்காய், அம்பரெல்லா என்ற புளிப்புக் காய், ஜாதிக்காயின் சதை என்று நூறு கண்ணாடிச் சாடிகள். கேட்டால் சுவை பார்க்கக் கொடுப்பார்கள். நம்மூரில் ஜாதிக்காய் என்றால் கொட்டையும் ஜாதிபத்திரியும்தான்; அதன் பழச்சதையை இங்கே இழைத்து, ஊறவைத்து, காயவைத்து, சாறு பிழிந்து விதவிதமாக விற்கிறார்கள். விலையை நூறு கிராமுக்கா, கிலோவுக்கா என்று கேட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். கைகாட்டியவுடனே அள்ளிப் போட்டுவிடுவார்கள். மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அதற்கு மதியம் வரலாம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் புலாவ் தீக்குஸ் சந்தைக்குப் போகலாம். நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் வடமேற்கே. பெயருக்கு எலித்தீவு என்று பொருள். நியோன்யா என்ற சீன-மலாய்க் கலப்புச் சமையலின் பலகாரங்கள் அங்கே நன்றாக இருக்கும், அதுவும் காலையில் மட்டும்.

6. கோப்பிக்கடையில் உட்காரும் முறை

பழைய சீனக் கோப்பிக்கடை ஒரே கடை மாதிரி தோன்றும். உண்மையில் அது பத்துச் சிறு முதலாளிகள் கூடியிருக்கும் கூரை. பானம் விற்பவர் கடைக்காரர். நூடுல்ஸ், சோறு, பலகாரம் விற்பவர்கள் இடத்துக்கு வாடகை கொடுக்கிறவர்கள். ஆகவே நடைமுறை இப்படி:

முதலில் காலி மேசையைப் பிடியுங்கள். மேசை எண் இருந்தால் மனதில் வையுங்கள். பிறகு எழுந்துபோய் உணவு விற்பவரிடம் சொல்லி, மேசையைக் கைகாட்டிவிட்டு வாருங்கள். பானத்துக்கு ஆள் உங்களிடமே வருவார். உட்கார்ந்தால் ஏதாவது குடிக்க வாங்க வேண்டும். வாங்காதவருக்குத் தலைக்கு ஐம்பது காசு என்று பல கடைகளில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். இதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். கடைக்காரரின் வருமானம் அந்தக் கோப்பையில்தான். பணம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பொருள் மேசைக்கு வந்தவுடனே கொடுக்க வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று நான் காத்திருந்தேன், நூடுல்ஸ்காரர் தலைமேல் நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கடைகளில் பல ஏழுக்குத் திறந்து இரண்டு மணிக்கெல்லாம் மூடிவிடும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கடைக்குக் கடை வேறு நாள். ஒரே கடையை நம்பி நகரத்தின் மறுகோடிக்குப் போகாதீர்கள், அருகில் இரண்டாவது ஒன்றைக் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். காய் மட்டும் போட்ட கீரைப் பொரியல்கூட பெலாச்சான் சேர்த்திருக்கலாம். அது இறால் விழுது. ரோஜாக் என்ற பழக்கலவையின் கருப்புக் குழம்பிலும் இறால் இருக்கும். புளி லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பில் மீன் இருக்கும். லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை, பசியாறுவதை அங்கே வைத்துக்கொண்டு கோப்பிக்கடையில் பானம் மட்டும் குடியுங்கள்.

7. தேத்தண்ணி கேட்கும் மொழி

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். முதல் நாள் "தே" என்று மட்டும் சொன்னேன். வந்தது கெட்டிப் பாலில் ஊறிய பாயசம் மாதிரி இருந்தது. வெறும் "தே", வெறும் "கோப்பி" என்றால் இனிப்புக் கெட்டிப்பால் சேர்ந்தது என்று பொருள். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, இனிப்பு பாலிலேயே இருக்கிறது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும்:

தே ஓ: பால் இல்லை, சர்க்கரை உண்டு.
தே ஓ கோசோங்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.
தே சி: இனிப்பில்லாத டின் பால், சர்க்கரை உண்டு.
தே சி கோசோங்: அதே பால், சர்க்கரை இல்லை. அம்மா கடைசிவரை குடித்தது இதுதான். நம் ஊர்ப் பால் தேநீருக்கு இது கிட்ட வருகிறது.
கூராங் மானிஸ்: இனிப்புக் குறைவாக. எதன் பின்னாலும் ஒட்டலாம்.
காவ்: திடமாக.
ஐஸ்: குளிர்ச்சியாக. சீனக் கடையில் "பெங்" என்றாலும் அதுவே.
ஹாலியா: இஞ்சி போட்டது.
புங்குஸ்: கட்டிக்கொண்டு போக.

"தே" இருக்கும் இடத்தில் "கோப்பி" போட்டாலும் இதே இலக்கணம்தான். கோப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய்க் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள், அதனால் நம் பில்டர் காபியின் மணத்தை எதிர்பார்க்காமல் குடியுங்கள். எனக்குக் கோப்பி ஓ மூன்றாவது கோப்பையில்தான் பிடித்தது, பிடித்த பிறகு விடமுடியவில்லை.

"தே தாரே" என்பது ஆற்றித் தரும் தேநீர். தமிழ் முஸ்லிம் கடைகளில் குடியுங்கள், நள்ளிரவிலும் கிடைக்கும். அந்தக் கடைகளில் தமிழிலேயே சொல்லலாம்: "அண்ணே, சீனி குறைச்சு ஒரு தே." நாங்கள் போனபோது இரண்டு இரண்டரை வெள்ளி. வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் "ஆயர் சுவாம்" கேளுங்கள், வெதுவெதுப்பாக வரும். சில காசு எடுப்பார்கள்.

8. வெயில் நேரத்துப் பானங்கள்

பதினொன்றிலிருந்து நான்குவரை வெளியில் நடப்பது கஷ்டம். அந்த நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஜாதிக்காய்ச் சாறு பினாங்கில் பெயர்பெற்றது. இரண்டு வகை: பச்சைப் பழத்தை அரைத்து வடிகட்டிய வெளிறிய சாறு, சர்க்கரையோடு காய்ச்சிய பழுப்புச் சாறு. முதலில் வெளிறியதைக் கேளுங்கள். துவர்ப்பும் புளிப்பும், பின்னால் மூக்கில் ஏறும் லேசான காரமும் அதில்தான் தெளிவாகத் தெரியும். பழுப்பில் இனிப்பு முந்திக்கொள்ளும். அம்பரெல்லாச் சாறு இன்னொன்று. பச்சை நிறத்தில், உப்பிட்ட புளிப்பு பிளம் ஒன்று அடியில் கிடக்கும். அதைக் கரண்டியால் நசுக்கிக் கலக்கிவிட்டுக் குடியுங்கள். வியர்த்த உடம்புக்கு அந்த உப்பு வேண்டியிருக்கிறது.

செண்டோலுக்கு ஜாலான் பினாங்கிலிருந்து பிரியும் கெங் க்வீ சந்தில் எப்போதும் வரிசை நிற்கும். தேங்காய்ப்பால், பனை வெல்லப்பாகு, பாண்டான் இலையில் நிறம் ஏறிய அரிசிமாவுத் துண்டுகள், சிவப்புப் பயறு, துருவிய பனிக்கட்டி. வரிசை நீளம் என்று பயப்பட வேண்டாம், நின்றுகொண்டே குடிப்பவர்கள் என்பதால் சீக்கிரம் நகரும். பனிக்கட்டி கரையும் முன் குடித்துவிடுங்கள்.

9. மாலை: படகுத்துறையும் லிட்டில் இந்தியாவும்

பெங்காலான் வெல்ட் கரையில் கடலுக்குள் மரக்கால்கள் நட்டுக் கட்டிய குடியிருப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சீனக் குலப்பெயரில். ச்சூ குடியிருப்புதான் பெரிது, கடைகளும் கூட்டமும் அங்கேதான். அமைதி வேண்டுமென்றால் டான் குடியிருப்பின் பலகைப் பாதையில் விடியற்காலை போய் நில்லுங்கள். எல்லாமே மக்கள் வாழும் வீடுகள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், இரவு ஒன்பதுக்கு மேல் போகாதீர்கள். ஆர்மேனியன் தெருவின் சுவரோவியங்களையும் அதே விடியலில் சேர்த்துப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் சைக்கிள் ஓவியத்தின் முன்னால் வரிசை.

லிட்டில் இந்தியாவுக்கு மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள். லெபோ பாசாரில் பூக்கடை, புடவைக்கடை, வடை, பாட்டு. லெபோ குயின் மகாமாரியம்மன் கோவில் நடுப்பகலில் சாத்தியிருக்கும், மாலையில் திறப்பார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர்த்து உள்ளே விடுவார்கள்; தகுந்த உடை இல்லாதவர்களுக்கு அங்கி தருவார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் என்றால் ஒரு எச்சரிக்கை. சோற்றின் மேல் நீங்கள் காட்டுவதையெல்லாம் வைத்து, குழம்புகளைக் கலந்து ஊற்றிவிட்டு, கடைசியில்தான் விலை சொல்வார்கள். பெரிய இறால், கணவாய், மீன்சினை மூன்றுக்கும் விலையை முதலில் கேளுங்கள். கோழியும் காயும் என்றால் பத்துப் பன்னிரண்டு வெள்ளியில் முடியும் தட்டு, ஒரு பெரிய இறாலால் முப்பதைத் தொட்டது எங்களுக்கு. தெருவோரத் தள்ளுவண்டிகளுக்கு லெபோ கிம்பர்லி, லெபோ சூலியா இரண்டும் ஆறரைக்கு மேல் உயிர்பெறும்.

10. தேதி தேர்ந்தெடுக்கும்போது

சீனப் புத்தாண்டை ஒட்டிய சில நாட்கள் பல கடைகள் அடைத்திருக்கும். உணவுக்காகப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் பெருங்கூட்டம், அறைக்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ரமலானில் தமிழ் முஸ்லிம் கடைகளின் நேரம் மாறும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காகவும் சில கடைகள் இரண்டு மணி நேரம் மூடும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம்.

11. திரும்பும்போது

ஜாதிக்காய் எண்ணெயும் தைலமும் வாங்காமல் யாரும் வருவதில்லை. 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். ஊறவைத்த ஜாதிக்காயை ஈரமானது, காய்ந்தது என்று இரண்டாகக் கேட்டு, காய்ந்ததை மட்டும் வாங்குங்கள். என் ஈரப் பொட்டலம் அம்மாவின் புடவையெல்லாம் பாகாக்கிவிட்டது.

கோப்பித்தூள் பொட்டலத்தில் சர்க்கரை சேர்த்ததா என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள். வெள்ளைக் கோப்பி என்று விற்கும் உடனடித்தூள்களில் பெரும்பாலும் பால்தூளும் சர்க்கரையும் கலந்தே வரும். "கோசோங்" என்று அச்சிட்டிருப்பதுதான் அம்மா போன்றவர்களுக்கு.